அனுப்பினால் போதாது, கேட்கவும் வேண்டும்
(சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கிலாந்தில் 'சமூகப் பரிந்துரை' என்றொரு ஏற்பாடு உண்டு. தனிமை, கடன், வீட்டுக் கவலை என்று வருகிறவருக்கு மாத்திரை மட்டும் போதாது. டாக்டர் அவரை இணைப்புப் பணியாளரிடம் அனுப்புகிறார். பணியாளர் உட்கார்ந்து பேசி, தோட்டக் குழுவுக்கோ கடன் ஆலோசனைக்கோ வழிகாட்டுகிறார். 2019இல் அரசு மருத்துவத் துறை இதை நாடு முழுதும் விரிவாக்கத் திட்டமிட்டது.

போனவருக்குப் பஸ் காசு இருந்ததா? அவர் மொழி பேச அங்கே ஆள் இருந்ததா? கோப்போடு பிழைக்கிறவன் சொல்கிறேன்: 'அனுப்பியாயிற்று' என்று எழுதியதும் கோப்பு மூடிவிடும். வாசல்வரை போய்த் திரும்பியவர் கணக்கில் வரமாட்டார். அவரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலும் 2007இல் ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் மக்கள் கண்காணிப்பு தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் 'ஜன் சுன்வாய்' கூட்டங்களில் ஏழைகள் அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்டார்கள்.

நம் சங்கமும் பலரை ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் அலுவலகத்துக்கும் அனுப்புகிறது. பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டோமா? இல்லை. இனி வீடு வீடாகப் போவோம்; தமிழில் கேட்போம்; எழுதத் தெரியாதவர் சொல்வதை அப்படியே எழுதுவோம்; என்ன மாற்றினோம் என்று திரும்பப் போய்ச் சொல்வோம். பதில் சொல்லாமல் கருத்துக் கேட்பது, டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்குவது போன்றது!