ரெஸ்ட் டே-ன்னா வேஸ்ட் டே இல்ல: பொங்கலூர்ல ஒரு ஞாயிறு

சைக்கிள் டூர் போயிட்டு வந்தேன்னு சொன்னா முதல்ல வர்ற கேள்வி, "எத்தனை கிலோமீட்டர்?" நடுவுல எத்தனை நாள் ஓட்டாம இருந்தேன்னு யாரும் கேக்கறதில்ல. இன்னைக்கு அந்த ஓட்டாத நாளைப் பத்திதான் பேசப்போறோம்.

முதல்ல உடம்பு. நீண்ட தூரம் மிதிக்கும்போது தசையில சேர்ந்திருக்கிற கிளைகோஜன், அதாவது சேமிப்புச் சர்க்கரை, கரைஞ்சுபோகுது. நல்லா சாப்பிட்டாலும் அது திரும்ப நிரம்ப ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். டூர் டி ஃபிரான்ஸ்ல 21 ஸ்டேஜுக்கு நடுவுல 2 நாள் ஓய்வு இருக்கு. அன்னைக்கும் அந்த வீரர்கள் படுத்தே கிடக்கறதில்ல. கால் இறுகாம இருக்க கொஞ்ச நேரம் மெதுவா ஓட்டுவாங்க.

நாங்க நாலு பேர், ஆடி மாசம், திருச்சியில இருந்து கோயம்புத்தூர். முதல் நாள் கரூர். ரெண்டாவது நாள் வெள்ளகோவில், காங்கேயம் வழியா பொங்கலூர். பாலக்காட்டுக் கணவாய்ல புகுந்து வர்ற காத்து நேரா முகத்துல அடிக்கும். இறக்கத்துல கூட மிதிக்கணும். அதனால மூணாவது நாள், ஞாயித்துக்கிழமை, பொங்கலூர் பக்கத்துல நண்பரோட சொந்தக்காரங்க தோட்டத்துச் சாளையில தங்கிட்டோம்.

காலையில பார்த்தா ஊர் அவ்வளவு அழகு. தென்னந்தோப்பு, வரிசையா சின்ன வெங்காயம், தூரத்துல அலகுமலைக் குன்று. ஆனா கொஞ்ச தூரம் நடந்தா ஒரு பக்கம் பச்சை, பக்கத்துலயே காஞ்ச மண். டீக்கடையில ஒரு பெரியவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, அவ்வளவு தூரம் சைக்கிள்லயேவா வந்தீங்க?" ஆமாங்கன்னு சொல்லிட்டு, அந்தக் காஞ்ச நிலத்தைப் பத்திக் கேட்டோம். "அது எங்க காடுதானுங்க. இந்தத் தடவை எங்களுக்குத் தண்ணி இல்லீங்க. முறை வரோணும்."

முறைன்னா என்ன? பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத் தண்ணி திருமூர்த்தி அணையில இருந்து வாய்க்கால்ல இந்தப் பக்கம் வருது. பாசனப் பரப்பு மொத்தம் 3 லட்சத்து 77 ஆயிரம் ஏக்கர். எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல பாய்ச்சற அளவுக்குத் தண்ணி கிடையாது. அதனால 4 மண்டலமாப் பிரிச்சு, ஒண்ணு மாத்தி ஒண்ணு திறந்துவிடறாங்க. ஒரு மண்டலத்துக்கு மறுபடி முறை வர ஏறக்குறைய ரெண்டு வருஷம். அதுவரைக்கும் கிணறும் மழையும்தான்.

காங்கேயம் பக்கம் வழியில கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலம் பார்த்தோம். அதுக்குப் பேர் கொரங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கும். நிலத்தைத் துண்டு துண்டாத் தடுத்து, மாட்டை ஒரு துண்டுல மேயவிட்டு, அப்புறம் அடுத்ததுக்கு மாத்துவாங்க. மேஞ்ச துண்டுல புல் மறுபடி தழைக்கணும் இல்லையா? மாடே இல்லாத துண்டைப் பார்த்து "சும்மா கிடக்கு"ன்னு நாம சொல்லுவோம். அடுத்த மாசத் தீவனம் அங்கதான் வளந்துக்கிட்டு இருக்கும்.

எனக்கு ரெஸ்ட் டே புரிஞ்சது இங்கதான். ஓய்வு, வேலைக்கு நடுவுல விழற ஓட்டை இல்ல. அதுவும் அந்த வேலையில ஒரு பாகம். நிலத்துக்கு இதை முறை வச்சுக் கொடுக்கறோம். மனுஷங்களுக்கு?

மத்த நாள் காலையில இந்த ஊர்களுக்கு பனியன் கம்பெனி வண்டி வரும். திருப்பூர்ல நாளைக் கணக்குப் பண்றதே ஷிப்ட்லதான்: எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், ராத்திரி வரைக்கும் நின்னா ஒன்றரை. அவசர ஆர்டர்னா அதுதான் வழக்கம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. அந்த லீவுல துணி துவைக்கணும், சந்தைக்குப் போகணும், சொந்தக்காரங்க விசேஷத்துக்கும் தலைகாட்டணும். நமக்கு "அழகான கிராமத்துல அமைதியான ஞாயிறு". அவங்களுக்கு ஆறு நாள் வேலை மொத்தமா வந்து விழற ஞாயிறு. நம்ம டி-ஷர்ட்டைத் தைச்சவங்க அவங்களாக்கூட இருக்கலாம்.

அதனால நீங்க போனா மூணு விஷயம். ஒண்ணு, கேட்டுட்டு போட்டோ எடுங்க. அது அவங்க வீட்டு வாசல். ரெண்டு, பி.ஏ.பி. வாய்க்கால்ல தண்ணி ஓடும்போது குளிக்க இறங்காதீங்க. வேகம் மேல தெரியாது, கரை சரிவு, பிடிக்க எதுவும் இருக்காது. மூணு, அன்னைக்கு ஆப்ல கிலோமீட்டர் பூஜ்யம்னு காட்டினா காட்டட்டும்.

ஆபீஸ்லயும் இதே கணக்குதான். லீவு போடறதுக்கு முன்னாடி மன்னிப்புக் கேக்கற மாதிரி மெயில் எழுதறோம் பாருங்க, அடுத்த தடவை அந்த முதல் வரியை அழிச்சுட்டு அனுப்புங்க. உங்க முறை வந்திருக்கு, எடுத்துக்குங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.