அடிமையாயிருந்த ஞானி எபிக்டெற்றஸ்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிரேக்க ஞானிகள் என்றவுடன் சோக்கிரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டோட்டில் ஆகிய மூவரின் பெயர்களே நம் நாவில் முந்தி வருகின்றன. அம்மூவருக்கும் பல நூற்றாண்டுகள் பிந்தி வாழ்ந்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகின்றோம். அவர் செல்வரல்லர், உயர்குடிப் பிறந்தவருமல்லர். பிறருக்கு அடிமையாயிருந்தவர், கால் ஊனமுற்றவர். எபிக்டெற்றஸ் என்பது அவர் பெயர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குத் 'தேடிச் சேர்க்கப்பட்டது' என்பது கருத்து. ஆடு மாடுகளைப் போல மனிதரையும் விலைக்கு வாங்கிய காலம் அது. அவரது நிலையை அவர் பெயரே சொல்லிவிடுகிறது.

கி.பி. 50ஆம் ஆண்டளவில், இன்று துருக்கி எனப்படும் நாட்டிலிருந்த ஹையராப்பொலிஸ் நகரில் அவர் பிறந்தார். உரோமாபுரியிலே எப்பாபுரோடிற்றஸ் என்பவனுக்கு அடிமையாயிருந்தார். அந்த எசமானும் ஒரு காலத்தில் அடிமையாயிருந்து விடுதலை பெற்று, நீரோ சக்கரவர்த்தியின் அரண்மனையில் உயர்பதவி வகித்தவனே. அடிமையாயிருந்த நாளிலேயே எபிக்டெற்றஸ், மூசோனியஸ் ரூபஸ் என்னும் ஆசிரியரிடம் ஸ்டோயிக் தத்துவத்தைப் பயின்றார். பின்னர் விடுதலை பெற்றுத் தாமும் ஆசிரியரானார். கி.பி. 93ஆம் ஆண்டளவில் டொமீஷியன் சக்கரவர்த்தி தத்துவ ஆசிரியர்களை உரோமாபுரியை விட்டுத் துரத்தினான். எபிக்டெற்றஸ் கிரேக்க தேசத்தின் வடமேற்கிலுள்ள நிக்கொப்பொலிஸ் நகருக்குச் சென்று பள்ளி நடத்தினார். கி.பி. 135ஆம் ஆண்டளவில் அவர் வாழ்வு முடிந்தது.

அவர் ஒரு நூலும் எழுதிவைக்கவில்லை. அரியன் என்னும் மாணாக்கர் ஆசிரியர் பேசியவற்றைக் குறித்துவைத்தார். அக்குறிப்புக்களில் நான்கு பாகங்கள் இன்றும் உள்ளன. அவற்றின் சாரத்தைச் சுருக்கிய கைந்நூலும் ஒன்றுண்டு.

அன்பர்களே, அவருடைய போதனை முழுவதற்கும் அத்திவாரம் ஒன்றே. உலகிலுள்ளவற்றை அவர் இரண்டாக வகுத்தார். சில நம் வசத்தில் உள்ளன. சில நம் வசத்தில் இல்லை. நாம் எண்ணும் எண்ணம், விரும்பும் விருப்பம், வெறுக்கும் வெறுப்பு, செய்ய முயலும் முயற்சி ஆகியன நம் வசத்தன. உடல், பொருள், புகழ், பதவி ஆகியன நம் வசத்தில் இல்லாதன. பின்னவற்றைத் தன்னுடையவை என எண்ணுகிறவன், அவற்றைக் கொடுக்கவும் பறிக்கவும் வல்லவர் எல்லாருக்கும் அடிமையாகிறான். சட்டப்படி அடிமையாயிருந்த ஒருவர், சுதந்திரர் எனத் தம்மை எண்ணிய செல்வரையும் அதிகாரிகளையும் நோக்கி இதனைச் சொன்னார். அவருடைய சொல்லுக்கு வலிமை வந்தது அதனாலேயே.

இங்கே இளைஞர் சிலர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். "வெளியே நடப்பது எதுவும் நம் கையில் இல்லையென்றால், எல்லாம் தலைவிதி என்று கைகட்டி இருக்க வேண்டியதுதானா? அடிமைகளை அடக்கிவைக்க எசமானர்களுக்கு இதைவிட வசதியான போதனை வேறுண்டா?" இது நியாயமான கேள்வி. எபிக்டெற்றஸ் சொன்ன இரண்டு வரலாறுகளே இதற்கு விடை தருகின்றன.

ஒருநாள் அதிகாரி ஒருவர் அவரைக் காண வந்தார். தம் சிறு மகள் கடும் நோயுற்றிருந்தபோது அருகிலிருந்து பார்க்க மனம் பொறாமல் வீட்டை விட்டு ஓடிப்போனதாகவும், அவள் தேறினாள் என்று செய்தி வந்த பின்னரே திரும்பியதாகவும் கூறினார். பிள்ளைமேல் வைத்த பாசமே தம்மை அவ்வாறு செய்வித்தது என்பது அவர் எண்ணம். எபிக்டெற்றஸ் அவரைக் கடிந்து விரட்டவில்லை. தாய்க்கும் செவிலிக்கும் அக்குழந்தைமேல் அன்பில்லையா என்று கேட்டார். உண்டு என்றார் அதிகாரி. அப்படியானால் அவர்களும் ஓடியிருக்க வேண்டுமல்லவா, அன்புடையார் எல்லாரும் ஓடிவிட்டால் குழந்தையைப் பார்ப்பவர் யார், நீர் நோயுறும்போது உம்மை இவ்விதமாகவே நேசிக்க வேண்டுமென்று விரும்புவீரா என்று அடுக்கிக் கேட்டார். அதிகாரிக்கு விடை வரவில்லை. நோய் தீருவது தந்தையின் வசத்தில் இல்லை. கட்டிலருகே இருப்பது அவர் வசத்தில் இருந்தது. தம் வசத்தில் இருந்ததையே அவர் கைவிட்டார். விதியைச் சாட்டிக் கடமையை விட்டு ஓடுவோர் யாவரும் செய்வது இதுவே.

மற்றையது ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் என்னும் மூதவை உறுப்பினரின் வரலாறு. மூதவைக்கு வரவேண்டாம் என்று வெஸ்பேசியன் சக்கரவர்த்தி அவருக்குச் சொல்லியனுப்பினான். தம்மை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்குவது அரசன் வசத்தில் உள்ளது என்றும், உறுப்பினராக இருக்கும்வரை அவைக்குப் போவது தம் கடமை என்றும் அவர் மறுமொழி கூறினார். போனாலும் வாய் திறவாதே என்றான் அரசன். கருத்துக் கேட்டால் சரியெனப்பட்டதைச் சொல்லியே தீரவேண்டும் என்றார் அவர். சொன்னால் கொல்வேன் என்றபோது, கொல்வது உன் பங்கு, நடுங்காமல் இறப்பது என் பங்கு என்னும் பொருள்பட விடையளித்தார். கடைசியில் உயிரையும் இழந்தார். எபிக்டெற்றஸ் இவரை மாணாக்கருக்கு எடுத்துக்காட்டாக வைத்தார். கைகட்டி இருக்கச் சொல்லும் போதனை இத்தகைய மனிதரைப் போற்றுமா?

பயன் கருதாமல் கருமம் செய்யும் நெறியைக் கீதையிற் பயின்ற நமக்கு இவை புதியனவாகத் தோன்றா. ஆனால் இவர் நம் நூல்களைக் கற்றார் என்று சொல்ல ஆதாரம் இல்லை; அப்படிச் சொல்லிப் பெருமை தேடவும் வேண்டாம். வேறு நாட்டில் வேறு வழியில் ஒருவர் உண்மையைத் தேடிக் கண்டார் என்பதே நமக்கு மகிழ்ச்சி. அவரிடம் குறைவும் உண்டு. அடிமையும் இறைவனின் பிள்ளை, ஆதலால் உனக்குச் சகோதரன் என்று எசமானர்க்குச் சொன்ன அவர், அடிமை முறையையே ஒழிக்கவேண்டும் என்று போராடவில்லை. பெரியோரைப் போற்றும்போது இதனையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

படிப்பைப் பற்றி அவர் சொன்னது மாணவர்களுக்கு மிகவும் உரியது. ஆடுகள் தாம் மேய்ந்த புல்லை இடையனிடம் கொண்டுவந்து காட்டுவதில்லை. புல்லைச் செரித்துப் பாலும் உரோமமும் தருகின்றன. அதுபோல, கற்றவன் தான் கற்ற நூல்களை அடுக்கிக் காட்டாமல் தன் நடத்தையில் அவற்றைக் காட்டவேண்டும் என்பது அவர் கருத்து. அவரும் அப்படியே வாழ்ந்தார். முதுமையில், நண்பர் ஒருவரின் கைவிடப்படவிருந்த குழந்தையைத் தாம் ஏற்று வளர்த்தார் என்று கூறுவர்.

அவர் சொற்கள் நெடுந்தூரம் சென்றன. கி.பி. 161இல் உரோமாபுரிக்குச் சக்கரவர்த்தியான மார்க்கஸ் ஒரேலியஸ், எபிக்டெற்றஸின் உரைக் குறிப்புக்களைத் தமக்குப் படிக்கத் தந்த ஆசிரியருக்குத் தம் நூலில் நன்றி கூறியுள்ளார். அடிமையின் சொல்லை அரசன் கற்றான். 1965இல் வியட்நாமிற் சிறைப்பட்ட அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஸ்ரொக்டேல், உடைந்த காலுடன் ஏழாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தபோது, முன்பு படித்த இவருடைய போதனையே தம் மனத்தைக் காத்தது எனப் பின்னர் எழுதினார்.

எபிக்டெற்றஸின் வீட்டில் இரும்பு விளக்கொன்று இருந்தது. ஓர் இரவு கள்வன் அதைக் கொண்டுபோனான். நாளைக்கு மண்விளக்கு வாங்கலாம் என்று அவர் அமைதியடைந்தார். ஒரு விளக்குக்காகக் கள்வன் தன் நேர்மையை விலையாகக் கொடுத்தான் என்றும் சொன்னார். அவர் இறந்தபின் ஒருவன் அவருடைய மண்விளக்கை 3000 திராக்மா கொடுத்து வாங்கினானாம். அதன் ஒளியிற் படித்தால் அவருடைய ஞானம் தனக்கும் வந்துவிடும் என்று எண்ணினான் என லூஷியன் என்னும் எழுத்தாளர் எள்ளி நகையாடுகிறார்.

இளைஞர்களே, பெரியோரின் படங்களையும் நூல்களையும் சேர்ப்பது நல்லதே. ஆயினும் இன்றிரவு படுக்குமுன் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைத் தம்மிடம் கேட்டுக்கொள்வோம். இன்று நம் வசத்தில் இருந்த கடமைகளில் எதனை விட்டு ஓடினோம்? அதற்கு நேர்மையான விடை கண்டு, நாளை அக்கடமையைச் செய்வோமானால், எபிக்டெற்றஸின் பள்ளியில் நாமும் மாணாக்கராவோம்.