இன்ஷா அல்லாஹ், எந்தக் கிழமை?





தொழிலில் முன்னேற விடாமல் நம்மைத் தடுக்கும் தள்ளிப்போடும் பழக்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் எனக்கு ஆறு வருட அனுபவம் உண்டு.

முதலில் நம் பேராக்கின் கதை ஒன்று. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அவை செழித்து வளர்ந்தும், தோட்டத் துரைமார்கள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ரப்பரில் பெரிதாக இறங்கவில்லை. காப்பியில் வருமானம் வந்துகொண்டிருந்தது. ரப்பர் மரமோ பால் கொடுக்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். காப்பி விலை விழுந்த பிறகுதான் பலர் விழித்தார்கள். மலாக்காவில் டான் சாய் யான் என்ற வணிகர் 1890களில் துணிந்து நட்டார். மோட்டார் கார் வந்து ரப்பர் விலை ஏறியபோது அவர் நட்டவை பால்மரங்களாகி இருந்தன.

"ஆறு வருஷம் ஆகுமே" என்றுதான் மற்றவர்கள் தயங்கினார்கள். கன்றை நட்டாலும் அந்த ஆறு வருடம் போகும், நடாவிட்டாலும் போகும்.

என் அத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். "அடுத்த வருஷம் ஈப்போவுக்குப் போயிடலாம்" என்று வருடா வருடம் சொல்வார். தோட்டம் கைமாறி, சனங்கள் லயங்களைக் காலி செய்து கிளம்பியபோது, அத்தாவிடம் மிஞ்சியது கடன் நோட்டு மட்டும்தான்.

அதைப் பார்த்து வளர்ந்த நானும் அதையே செய்தேன். உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா முடித்து, ஒரு கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். சொந்தக் கடை வைக்க ஆசை. முதல் சேரட்டும், கல்யாணம் முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும் என்று ஆறு வருடம் ஓடியது. சோம்பல் காரணமில்லை. தோற்றுவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். யார் கேட்டாலும் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லி அந்தப் பயத்தை மூடி வைத்தேன்.

ஒருநாள் அத்தா கேட்டார்: "இன்ஷா அல்லாஹ், சரி தம்பி. எந்தக் கிழமை?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, எஸ்.எஸ்.எம். அலுவலகம் போய்க் கடைப் பெயரைப் பதிந்தேன். ஆண்டுக் கட்டணம் 60 வெள்ளி. ஆறு வருடம் நான் தயங்கி நின்றது இந்த அறுபது வெள்ளி வாசலில்தான்! வேலையை உடனே விடவில்லை. வாரம் இரண்டு நாள் இரவுச் சந்தையில் பல்பும் வயரும் விற்றேன். ஒன்றரை வருடம் கழித்தே கடை எடுத்தேன். இன்று கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அத்தாதான்.

தம்பிமார்களே, நாளை ஒன்றைச் செய்வேன் என்று சொல்லும்போது இன்ஷா அல்லாஹ் சொல்லும்படி கஹ்ஃபு அத்தியாயம் கற்றுத்தருகிறது. செய்யப் போகிறவன் சொல்ல வேண்டிய சொல் அது. பெரிய ஆசையில் இந்த வாரம் முடிக்கக்கூடிய ஒரு வேலையை மட்டும் எடுங்கள். அதற்கு ஒரு கிழமை குறியுங்கள். முடித்தாயா என்று கேட்கக்கூடிய ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

பணம் சேரட்டும் என்று நம் முன்னோர் காத்திருந்தால், இந்தச் சங்கத்துக்கு இன்று பொன்விழா ஏது?

அல்லாஹ் நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.