பாஸ் மீனும் நாலு பருவமும்: எந்த நேரம் எந்த லூர்?

(ஒலிவடிவ அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க ஏற்றபடி சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

பாஸ் மீன் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த லூர் நல்லம்?" கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்கத் தொங்குது. அறுபது, எழுபது டொலருக்கு அள்ளிக்கொண்டு போய், ஒரு மீனும் படாமல் திரும்பி வாறம். நானும் அப்படி வந்தவன்தான்.

அதுக்கு என்ர பதில்: முதலில் ஒரு தண்ணி வெப்பமானி வாங்குங்கோ. பாஸ் குளிர் இரத்தப் பிராணி. தண்ணி எவ்வளவு சூடோ அதுக்கு ஏற்றமாதிரித்தான் அதின்ர ஓட்டமும் பசியும். லூரை எந்த ஆழத்தில் விடுறது, எவ்வளவு வேகமாக இழுக்கிறது எண்டதை அந்த இலக்கத்தில் இருந்துதான் யோசிக்க வேணும்.

நான் சொல்லுறது ஒன்ராறியோ ஏரிகளைப் பற்றி. ஸ்கூகொக், சிம்கோ, கவார்த்தா ஏரிகள் எல்லாம் ரொறன்ரோவில் இருந்து ஒரு காலைப் பயணம். இங்கே ரெண்டு வகைப் பாஸ் இருக்கு. லார்ஜ்மௌத் பச்சை நிறம். பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். வாயின் முடிவு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நீர்ச்செடியும் அல்லி இலையும் நிறைந்த ஆழமில்லாத இடம் அதுக்கு வீடு. ஸ்மோல்மௌத் மண்ணிறம், மேலிருந்து கீழாகக் கோடுகள். அதுக்குக் கல்லும் தெளிந்த தண்ணியும் வேணும்.

இனி வசந்தகாலம். இதில் லூர் பற்றிச் சொல்ல முதல் ஒரு கதை சொல்ல வேணும். எனக்குப் பெருமை இல்லாத கதை.

இங்கே வந்த ரெண்டாவது வருசம், மே மாத நடுப்பகுதி. கவார்த்தா பக்கத்தில் ஒரு சின்ன ஏரி. சன்ஃபிஷ் பிடிக்கப் புழுவோட போனேன். இறங்குதுறைக்குக் கிட்ட, முழங்கால் ஆழத் தண்ணியில், தரையில் வெளிறின ஒரு வட்டம் தெரிந்தது. தட்டு மாதிரிக் கூட்டித் துப்பரவாக்கிய இடம். அதுக்கு மேல ஒரு லார்ஜ்மௌத் நிண்டது. என்ர நிழல் விழுந்தும் அது ஓடேல்லை. எனக்கு அதிர்ஷ்டம் எண்டு நினைச்சேன். பிளாஸ்ரிக் புழு ஒண்டை அந்த வட்டத்துக்குள்ள போட்டேன். போட்ட உடனேயே கவ்வியது. இழுத்து, படம் எடுத்து, இறங்குதுறையின் மற்றப் பக்கத்தில் கவனமாகத்தான் விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், அந்த வட்டத்துக்குள்ள ஏழெட்டு சன்ஃபிஷ் தலைகீழாக நிண்டு கொத்திக்கொண்டிருந்தது.

பக்கத்தில் மீன் பிடிச்ச ஒரு வயசுபோன வெள்ளைக்காரர் சத்தம் போடேல்லை. "அது தகப்பன். முட்டைக்குக் காவல் நிண்டது" எண்டு மட்டும் சொன்னார். பிறகுதான் விளங்கினது, அது பசியில் கவ்வேல்லை. கூட்டுக்குள்ள வந்த புழுவைத் துரத்தத்தான் கவ்வியது.

தண்ணி கிட்டத்தட்ட 15 பாகை செல்சியசுக்கு வரும்போது ஆண் பாஸ் வாலால் தரையைக் கூட்டிக் கூடு செய்யும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையையும், பொரிச்ச குஞ்சுகளையும் காக்கிறது ஆண் மட்டும்தான். கிழக்கு ஒன்ராறியோவின் ஒபினிகன் ஏரியில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் இருக்கு. கூட்டில் இருந்து ஆண் மீனைக் கொஞ்ச நேரம் அகற்றினாலே முட்டைகள் இரையாகிறதை அந்தப் பகுதி ஆய்வுகள் காட்டியிருக்கு. களைத்துப்போன மீன் சிலவேளை கூட்டையே கைவிட்டுவிடும். நான் கொல்லேல்லை, திருப்பி விட்டேன். ஆனால் ஒரு கூடு முழுவதும் போயிருக்கலாம்.

வன்னிக் குளங்களில் விரால் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. சிவந்த குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே தாய் தகப்பன் நிற்கும் எண்டு எனக்கும் தெரியும். தெரிஞ்சிருந்தும் இங்கே யோசிக்கேல்லை.

அதனால்தான் இங்கே வசந்தத்தில் பாஸ் பிடிக்கத் தடைக்காலம் இருக்கு. பெரும்பாலான தென்பகுதி ஏரிகளில் ஜூன் பிற்பகுதியில்தான் திறக்கும். வலயத்துக்கு வலயம் திகதி மாறும். ஒவ்வொரு வருசமும் மாகாண அரசின் மீன்பிடி விதிச் சுருக்கத்தைப் பாருங்கோ. "பிடிச்சு விடுறன்தானே" எண்ட கதை சரிவராது. தடைக்காலத்தில் பாஸைக் குறிவைத்துப் பிடிச்சு விடுறதும் குற்றம்தான்.

சரி, திறந்தாச்சு. ஜூன் கடைசியில் தண்ணி 20 பாகையைத் தாண்டியிருக்கும். கூட்டுக் காவல் முடிந்து மீன் பசியோட இருக்கும். காலையில் நீர்ச்செடியின் ஓரத்தில் ஸ்பின்னர்பெயிற்றை ஓட்டுங்கோ. வெயில் ஏறினதும் சென்கோ மாதிரியான மென்புழுவின் நடுவில் தூண்டில் முள்ளைக் கோத்துப் போட்டு, சும்மா விடுங்கோ. அது ரெண்டு பக்கமும் நடுங்கிக்கொண்டு விழும். அனேகமாக விழும்போதுதான் மீன் எடுக்கும். நூலைப் பாருங்கோ; நூல் பக்கவாட்டில் நகர்ந்தால் மீன் இருக்கு.

ஜூலை, ஆகஸ்ட் தவளையின் காலம். ஸ்கூகொக் ஏரியின் சராசரி ஆழம் ரெண்டு மீற்றருக்கும் குறைவு; செடி மண்டிக் கிடக்கும். அதுக்கு மேலால் இழுக்கிறதுக்குத்தான் உள்ளே வெறுமையான றப்பர்த் தவளை. ஊரில் தவளை கோத்து விரால் பிடிச்சவர்களுக்குக் கை தானாகப் போகும். ஒரு பிழையைத்தான் எல்லாரும் விடுறம்: தண்ணி வெடிச்ச உடனே சுண்டி இழுக்கிறது. அப்ப தவளை மட்டும்தான் பறந்து வரும். மீனின் பாரம் தடியில் தெரியும் வரைக்கும் ஒரு மூச்சு பொறுங்கோ. தங்கூசி இதுக்குச் சரிவராது. 50 இறாத்தல் பின்னல் நூல் போடுங்கோ.

சிம்கோவின் ஸ்மோல்மௌத்துக்கு இது ஒண்டும் வேண்டாம். அது கல்லுக்கிடையில் கோபி மீனைத் தின்னும். பச்சை கலந்த மண்ணிறத்தில் ரியூப் அல்லது சின்ன நெட் ரிக், தரையோட இழுத்தால் போதும். நிறத்துக்கு என்ர கணக்கு சுருக்கம்: தெளிந்த தண்ணிக்கு இயற்கை நிறம், கலங்கின தண்ணிக்குக் கறுப்பும் நீலமும்.

செப்ரெம்பரில் தண்ணி ஆறத் தொடங்கும். மீன் குளிருக்கு முதல் உடம்பு வைக்க, சின்ன மீன் கூட்டங்களைத் துரத்தும். கிராங்க்பெயிற், ஸ்பின்னர்பெயிற் எல்லாம் வேகமாக ஓட்டலாம். 10 பாகைக்குக் கீழே போனதும் எல்லாத்தையும் மெதுவாக்குங்கோ. ஜிக்கைத் தரையில் விட்டு, பத்து எண்ணி, ஒரு அங்குலம் நகர்த்துங்கோ. ஆனால் பத்து மீற்றருக்கும் கீழே இருந்து இழுக்கிற மீனுக்குக் காற்றுப்பை வீங்கும். விட்டாலும் தப்பாமல் போகலாம். அந்த ஆழத்தில் நான் பிடிக்கிறதை நிறுத்திவிட்டேன்.

மாரியில் என்ர பெட்டி பூட்டித்தான் இருக்கும். முள் தீட்டுறது, நூல் மாத்துறது, அவ்வளவுதான்.

இப்பவும் ஒவ்வொரு மே மாதமும் அதே இறங்குதுறைக்குப் போறனான். சன்ஃபிஷ் பிடிக்க இல்லை. தடியும் கொண்டுபோறதில்லை. வெளிறின வட்டங்களை எண்ணிப்போட்டு வருவேன். போன முறை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். "அப்பா, அது ஏன் ஓடேல்லை?" எண்டு கேட்டான். சொன்னேன். அதுக்குப் பிறகு அவன் தன்ர நிழல் அதில் விழாமல் தள்ளி நிண்டுதான் பார்த்தான்.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்பம்.