சாத்திய கதவுகள்

1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்த அரசு ஊழியர்களால் 18 பழங்குடிப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அவர்கள் தலைகுனியவில்லை, நீதிமன்றத்தில் நின்று நடந்ததை உரைத்தனர். 19 ஆண்டுகள் கழித்து, 2011 இல், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டனை பெற்றனர்.

அவ்வெற்றியைச் சொல்லி நாம் மகிழ்கிறோம். நம் தெருவில் ஒருவன் மனைவியை அடிக்கும் ஓசை கேட்டாலோ, ‘குடும்ப விவகாரம்’ என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். சாதிக்கொடுமையை எதிர்த்து நிற்கும் நமக்கு இது அடுக்குமா? 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அண்டை வீட்டாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம்; நல்லெண்ணத்துடன் தந்தவர்மீது வழக்கு வராது. அடிபட்டவளை வீட்டைவிட்டுத் துரத்தவும் அச்சட்டம் இடந்தராது.