எதிரே இருப்பவன் யார்?

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எமக்கு இன்று அளிக்கப்பட்ட பொருள் "இளைஞரும் ஓய்வுநேரமும்" என்பது. இப்பொருள் பற்றிப் பேசுவோர் வாசிகசாலையைப் புகழ்ந்து, விளையாட்டு மைதானத்தை வாழ்த்தி, சினிமாவைச் சிறிது கடிந்து அமர்வது வழக்கம். நாம் அவ்வாறு செய்யப்போவதில்லை. சென்ற வருடத்தில் நாமே நேரிற் கண்டதும், கையைச் சுட்டுக்கொண்டதுமான ஒரு விஷயத்தையே பேச விரும்புகிறோம். அது கைத்தொலைபேசியிற் பணம் வைத்து ஆடும் போக்கர் என்னும் கடதாசி விளையாட்டு. அதிலும், இருவர் மாத்திரம் தனித்து எதிர்த்து ஆடும் வகை. பெரியோர் முன்னிலையில் இதனைச் சொல்ல நாக் கூசுகிறது. ஆயினும், இச்சபையில் இருக்கும் இளைஞருட் சிலர் இதனை எம்மிலும் நன்றாய் அறிவர். அவர்களுக்காகவே கூச்சத்தை விட்டோம்.

கடதாசி விளையாட்டு நமக்குப் புதிதன்று. நல்லூரில் 304 ஆடத் தெரியாத வீடு அரிது. சிவராத்திரியிற் கண்விழிப்பதற்கும், மாரிகாலத்து மாலைப்பொழுதைக் கழிப்பதற்கும் நம்மவர் விரிப்பது அதுவே. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. இப்படி ஓர் இனத்துக்கு 76 ஆக நான்கு இனத்துக்கும் 304 என்று, கூட்டற் கணக்கைப் பள்ளியிற் படிக்குமுன்பே திண்ணையிற் படித்தவர்கள் நம்மிற் பலர். துரும்பை மறைத்து வைப்பதும், கூட்டாளியின் முகக்குறிப்பை உணர்வதும், தோற்றவனைக் கேலி செய்வதும் அவ்விளையாட்டின் இன்பங்கள். காசு இல்லாமலே அவ்வின்பம் நிறைவாயிருந்தது.

போக்கர் வேறு. ஒவ்வொருவருக்கும் இரண்டு கடதாசிகள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். பொதுவாக ஐந்து நடுவிலே விரிக்கப்படும். இடையிடையே பந்தயம் கட்டவேண்டும். நல்ல கடதாசி உள்ளவனும் வெல்லலாம். நல்ல கடதாசி இருப்பதாக எதிராளியை நம்பச் செய்தவனும் வெல்லலாம். இதனைப் பல்கலைக்கழக விடுதியில் ஒரு நண்பர் எமக்குக் காட்டினார். சிறு தொகைதானே, ஒரு பிளேன்ரீக் காசுதானே என்றுதான் தொடங்கினோம். முதலில் ஆறுபேர் இருக்கும் மேசையில் ஆடினோம். அங்கே பொறுமை வேண்டும். பெரும்பாலான கைகளை எறிந்துவிட்டு, நல்லது வரும்வரை காத்திருக்க வேண்டும். சில வாரங்களில் அந்தக் காத்திருப்பு எமக்குச் சலித்தது. "ஐந்து பேரை வெல்வதிலும் ஒருவனை வெல்வது எளிதன்றோ?" என்று எண்ணி, இருவர் மேசைக்கு மாறினோம். ஆடுவோர் அதனை 'ஹெட்ஸ்-அப்' என்பர்.

அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைக் கணக்கு ஒன்றினாற் காட்டுவோம். போக்கரில் ஆட்டந்தோறும் இருவர், கடதாசியைப் பார்க்குமுன்பே பணம் வைத்தல் வேண்டும். ஒருவர் முழுப்பங்கு, மற்றவர் அரைப்பங்கு. அதற்கு 'பிளைண்ட்' என்று பெயர். ஆறுபேர் மேசையில் ஆறு ஆட்டத்துக்கு இருமுறையே இந்தக் கடமை ஒருவனுக்கு வரும். இருவர் மேசையிலோ ஒவ்வோர் ஆட்டத்திலும் வரும். அதாவது, சும்மா காத்திருப்பவனின் பணம் மூன்று மடங்கு வேகமாய்க் கரையும். இரண்டு ஆசுகள் சேர்ந்து வருவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. அதுவரை காத்திருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகையால், குறைந்த கடதாசியுடனும் இறங்கவேண்டும், ஓயாது பொய்க்கவேண்டும், எதிராளியின் பொய்யை ஓயாது சந்தேகிக்கவேண்டும். ஓய்வுக்கென்று தொடங்கிய விளையாட்டில் ஓய்வு என்பதே இல்லாமற் போயிற்று.

இது முதற் கணக்கு. இரண்டாவது கணக்கே பெரிது. இருவர் ஆடும் மேசையிலே மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். அவன் கடதாசி எடுப்பதில்லை, தோற்பதுமில்லை. அவனே மேசைக்குச் சொந்தக்காரன். நடுவிற் சேரும் பந்தயப் பணத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம், அல்லது அதற்கு அண்மித்த ஒரு பங்கு, அவனுக்குப் போய்விடும். இதனை 'ரேக்' என்பர். இது நூதன வழக்கமன்று. கௌடில்யர் தமது அர்த்தசாஸ்திரத்திற் சூதாட்டத்தை ஓரிடத்தில் நடத்துவித்து, அதற்கென ஓர் அதிகாரியையும் நியமித்து, வென்றவனுடைய பணத்தில் அவ்வதிகாரி நூற்றுக்கு ஐந்து எடுக்கவேண்டும் என விதித்தார். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அந்த ஐந்து மாறவில்லை, பெறுபவர்தாம் மாறினர்.

திறமை சமமான இருவர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் அமர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 20 ரூபாய் நடுவிற் சேருமானால், ஒரு ரூபாய் மேசைக்காரனுக்கு. ஆயிரம் ஆட்டத்தில் ஆயிரம் ரூபாய். மேசையில் இருந்த பணத்திற் சரிபாதி. கைத்தொலைபேசியில் ஒரு மணி நேரத்துக்கு நூறுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஓடிவிடும். ஆகவே ஆயிரம் என்பது ஒருசில இரவுகளின் வேலை. பெரும்பணம் வைத்து ஆடுவோருக்கு இப்பங்கு ஓர் உச்சவரம்போடு நிற்பது வழக்கம். சிறுபணக்காரன் அவ்வரம்பை எட்டுவதேயில்லை. அவன் முழு வீதத்தையும் செலுத்துகிறான். "சிறு தொகைதானே" என்று எம்மை ஏமாற்றிய சொல்லின் பொருள் இதுதான்.

நாம் படித்த மிஷன் பாடசாலையிற் கணிதம் படிப்பித்த ஆசிரியர், எதனையும் எழுதிப் பார்த்தபின்பே பேசவேண்டும் என்பார். அப்பழக்கத்தால் ஒரு கொப்பியிற் கணக்கு எழுதிவந்தோம். இருவர் மேசையில் ஆடிய முதல் முப்பது நாள் முடிவில் அதனைக் கூட்டினோம். 5,000 ரூபாயுடன் தொடங்கியிருந்தோம். எதிராளிகளுக்கு நாம் இழந்ததையும் அவர்களிடம் நாம் பெற்றதையும் கழித்துப் பார்த்தால், 1,800 ரூபாய் எமக்கே மிச்சம். ஆனால் நாம் வென்ற பணத்திலிருந்து மேசைக்காரன் எடுத்தது 4,100 ரூபாய். கையில் இருந்தது 2,700. வென்றோம், ஆனால் தோற்றோம்! திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தைத் தோற்றவனை நோக்கித் தொடங்கவில்லை, வென்றவனை நோக்கியே தொடங்குகிறார். பரீட்சைக்காகப் படித்த அவ்வதிகாரம் அன்றிரவுதான் எமக்கு விளங்கிற்று.

அதுமட்டுமன்று. எதிரே இருப்பவன் யார் என்பதும் நமக்குத் தெரியாது. பாரதத்திலே தருமர் துரியோதனனுடன் ஆட அழைக்கப்பட்டார். காயை உருட்டியவனோ சகுனி. ஒருவனுக்காக வேறொருவன் ஆடுவது முறையன்று என்று தருமர் சொல்லியும் பார்த்தார், சொல்லிவிட்டு ஆடினார். இன்று சகுனியின் இடத்தில் இயந்திரம் வந்திருக்கிறது. கனடாவில் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தார், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட இருவர் போக்கரைக் கணினி கொண்டு ஏறக்குறையத் தீர்த்துவிட்டதாக 2015 ஜனவரியில் அறிவித்தனர். ஏறத்தாழ 4,800 கணினி மூளைகள் 68 நாள் உழைத்துச் செய்த வேலை அது. ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் ஆடினாலும், அதனை வென்றோம் என்று நம்பிக்கையோடு சொல்ல முடியாது. அடுத்து, 2017 ஜனவரியில், அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், கார்னேகி மெலன் பல்கலைக்கழகத்தாரின் லிப்ராற்றஸ் என்னும் நிரல், வரையறையற்ற இருவர் போக்கரில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரரை எதிர்த்து 20 நாளில் 1,20,000 ஆட்டங்கள் ஆடியது. பகலில் மனிதர் கண்டுபிடித்த அதன் குறைகளை இரவில் அது தானே திருத்திக்கொண்டது. முடிவில் 17 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட மதிப்புடைய விளையாட்டுச் சில்லுகளால் வென்றது. நாம் எளிதென்று தேடிப்போன இருவர் ஆட்டமே இயந்திரம் முதலில் வசப்படுத்திய ஆட்டம் என்பதைக் கவனியுங்கள். இயந்திரத் துணையைப் பல நிறுவனங்கள் தடைசெய்கின்றன என்பது உண்மை. ஆனால் திரைக்கு அப்பால் இருப்பவன் பக்கத்தில் எதை வைத்திருக்கிறான் என்பதை நாம் எட்டிப் பார்க்க முடியுமா?

"இது திறமையாட்டம், சூதன்று" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நளன் கதையையும் எடுத்துக்காட்டுவார்கள். தான்றி மரத்தின் இலையையும் காயையும் ஒரே பார்வையில் எண்ணிச் சொன்ன இருதுபன்னனிடம் கணக்கின் மருமத்தைக் கற்று, நளன் புட்கரனை ஒரே ஆட்டத்தில் வென்றான் அல்லவா என்பார்கள். திறமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 1967இல் ரம்மியைப் பெரும்பாலும் திறமையாட்டம் என்றே சொல்லிற்று. தமிழ்நாட்டிலோ இவ்வழக்கு நெடுங்கதையாயிற்று. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டோரின் செய்திகள் வந்தபின், 2021இல் செய்த தடை நீதிமன்றத்திற் கவிழ்ந்தது. 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 2023 ஏப்பிரிலிற் புதிய சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிற் சேரா என்று சென்னை உயர் நீதிமன்றம் நீக்கிற்று. பின்னர் 2025இல், நள்ளிரவு 12 மணி தொடக்கம் காலை 5 மணி வரை ஆடலாகாது என்ற விதியை அதே நீதிமன்றம் ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் இந்தியப் பாராளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நம் நாட்டிலும் 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. இவற்றுள் எது நல்லது என்று தீர்ப்பது எம் வேலையன்று. நாம் கேட்பது ஒன்றே: திறமை உண்டென்றால், அந்தத் திறமை எதிலே செலவாகிறது?

இருவர் மேசையில் வெல்ல விரும்புபவன் முதலிற் கற்கவேண்டிய திறமை, தன்னிலும் எளியவனைத் தேடிப் பிடிப்பது. வல்லவன் வந்தால் எழுந்துவிடவேண்டும். எளியவன் வந்தால் விடக்கூடாது. இதனை நாம் நன்றாய்க் கற்றோம். ஓரிரவு மூன்று மணிக்கு அப்படி ஒருவன் அகப்பட்டான். பெயரறியோம், ஊரறியோம். அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய தொகையுடன் வருவான், தோற்பான், சில நிமிடத்தில் அதே சிறுதொகையுடன் திரும்பி வருவான். ஐந்தாம் முறை வரச் சற்றுத் தாமதமாயிற்று. யாரிடமோ கேட்டு வாங்குகிறான் போலும் என்று நினைத்தோம். நினைத்துவிட்டு, அவன் வரவேண்டுமே என்று காத்திருந்தோம். வந்தான், அதையும் எடுத்தோம்.

அவன் போனபின் திரையிற் பார்த்தது எம்மையே. இரண்டு வாரத்துக்கு முன் நாமும் அப்படித்தான், விடுதிச் சாப்பாட்டுக்கென்று அம்மா அனுப்பிய காசைச் சிறு துண்டுகளாய்க் கொண்டுபோய் வைத்தோம். அன்று எமக்கு எதிரே இருந்தவனும் இப்படித்தான் காத்திருந்திருப்பான். அவன் கெட்டவனாயிருக்க வேண்டியதில்லை, நாமும் கெட்டவராயிருக்கவில்லை. அந்த மேசை அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. மறுநாட் காலையிற் செயலியை அழித்தோம். இரு வாரங்களின் பின் மீண்டும் ஏற்றினோம் என்பதையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். இரண்டாம் முறை அழித்தபோது, கணக்குக் கொப்பியைக் கொண்டுபோய் ஐயாவிடம் கொடுத்தோம். அதன்பின்பே அது நின்றது. அவர் ஏசுவார் என்று நடுங்கினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை பார்த்து, "கூட்டல் சரி" என்று மட்டும் சொன்னார்.

பெரியோர்களே, உங்கள் பிள்ளை இரவில் நெடுநேரம் விழித்திருந்தால் தொலைபேசியைப் பறிக்குமுன் கணக்கைக் கேளுங்கள். அவன் அதனைக் காட்டத் துணியும்படி உங்கள் முகம் இருக்கட்டும். ஒளித்த கடனே வளரும் கடன். சகோதரர்களே, ஆடுகிறவர்கள் எழுதுங்கள். எதிராளியிடம் தோற்றதை ஒரு பக்கத்திலும், மேசைக்காரனுக்குக் கொடுத்ததை மறுபக்கத்திலும் எழுதுங்கள். எம் சொல்லை நம்பவேண்டாம், உங்கள் கூட்டலை நம்புங்கள். சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த விடுமுறையில் நம் மண்டபத்தில் 304 போட்டி ஒன்று நடத்துங்கள். மூத்தவரும் இளையவரும் கலந்து சோடி சேரட்டும்.

அந்த விளையாட்டில் நால்வர் எப்படி அமர்வார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் எதிர்க்கட்சி. நேர் எதிரே இருப்பவன் நம் கூட்டாளி. அவனுடைய கையில் என்ன இருக்கிறது என்று நாம் கவலைப்படுவது, அவனைக் காப்பாற்றுவதற்காக. எதிரே இருப்பவனை அப்படிப் பார்க்கப் பழகிய ஊர் இது. அப்பழக்கத்தை நாம் கைவிடாதிருப்போமாக.