இறுவட்டின் வேகம் குன்றுவதேன்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏட்டுச் சுவடிகளைப் பேணிய குடும்பங்கள் ஓர் உண்மையை நன்கு அறிந்திருந்தன. பனையோலை நிலையானதன்று, பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். ஆகவே ஏடு சிதையுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிவிட வேண்டும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சிதைந்த ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887 ஆம் ஆண்டில் அச்சேற்றினார். அவ்வாறு எவர் கையிலும் அகப்படாமல் அழிந்த ஏடுகள் எத்தனையோ!

இன்று அத்தகைய வீடுகளின் அலுமாரிகளில் இருப்பவை இறுவட்டுக்கள். மகளின் திருமணம், கோயிலின் தேர்த் திருவிழா, மறைந்துபோன பாட்டியின் பேச்சு ஆகியவை அவற்றிலே பதிந்துள்ளன. கடல் கடந்து வாழும் பிள்ளைக்கு ஒரு பிரதி எடுக்கலாமென்று வட்டைக் கணினியில் இட்டால், பத்து நிமிட வேலை ஒரு மணி நேரமாக நீள்கிறது. பலர் கணினியைக் குறைகூறி எழுந்துவிடுகின்றனர். குறை எங்கே உள்ளது என்று ஒழுங்காகத் தேடுவோர் சிலரே.

முதலில் வேகத்தின் கணக்கை அறிதல் வேண்டும். சாதாரண இறுவட்டின் ஒரு மடங்கு வேகமாவது விநாடிக்கு 150 கிலோபைற்று. 700 மெகாபைற்று நிறைந்த வட்டை அவ்வேகத்திற் படிக்க ஏறத்தாழ 80 நிமிடம் செல்லும். 52 மடங்கு என்று முகப்பிற் பொறித்த கருவியும் அவ்வேகத்தை வட்டின் வெளிவிளிம்பிலேயே எட்டும். மாட்டுவண்டிச் சில்லைப் பாருங்கள். ஒரு சுற்றில் குடத்தருகே உள்ள புள்ளி கடக்கும் தூரம் சிறிது. விளிம்பில் உள்ள புள்ளி கடக்கும் தூரம் பெரிது. இறுவட்டின் பதிவு நடுவில் தொடங்கிச் சுருளாக வெளிநோக்கிச் செல்வதால், தொடக்கத்தில் வேகம் பாதிக்கும் குறைவாயிருக்கும். மெல்லத் தொடங்கிப் போகப்போக விரைவது பழுதன்று, இயல்பே.

தொடக்கம் முதல் முடிவு வரை வேகம் மந்தமாயிருப்பின், வேறொரு நல்ல வட்டை இட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் மந்தமாயின் குறை கணினியிடத்தது. அது விரைந்து செல்லின் குறை முதல் வட்டினிடத்தது. இவ்வொரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

கணினியிற் குறையாயின் மூன்று இடங்களைப் பார்த்தல் நன்று. வின்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினிகளில், வட்டைப் படிக்கும்போது பிழைகள் திரும்பத் திரும்ப நேர்ந்தால், டி.எம்.ஏ. என்னும் விரைவு முறையைக் கைவிட்டு பி.ஐ.ஓ. என்னும் மந்த முறைக்குக் கணினி தானே இறங்கிவிடும். நல்ல வட்டை இட்டாலும் மீண்டும் ஏறாது. சாதன நிர்வாகப் பகுதியில் அந்த இணைப்பை நீக்கிக் கணினியை மறுபடி இயக்கினால் பழைய வேகம் திரும்பும். இரண்டாவது, ஒரே பட்டைக் கம்பியிற் பூட்டிய இரு கருவிகள் ஒரு வேளையில் ஒன்றாகவே பேசும். ஆதலால் வட்டிலிருந்து வட்டுக்கு நேரே பிரதி செய்யாது, முதலில் வன்தட்டிற் சேமித்துப் பின்னர் எழுதுதல் சிறப்பு. மூன்றாவது, வெளியிலிருந்து இணைக்கும் கருவியைப் பழைய யூ.எஸ்.பி. 1.1 வாயிலிற் பூட்டினால், அவ்வாயிலின் எல்லையான விநாடிக்கு 12 மெகாபிற்றுக்கு மேல் எதுவும் செல்லாது.

வட்டிலேயே குறையாயின் நிலைமை வேறு. வலிகாமத்துச் செம்மண் புழுதியும் வெயிலின் வெப்பமும் வட்டுக்கு நண்பர்களல்ல. வீட்டிற் பதியும் வட்டுக்களில் தரவைத் தாங்குவது ஒரு சாயப்படை. ஒளியும் வெப்பமும் அதனை நாளடைவில் மங்கச் செய்யும். மங்கிய இடத்தைக் கருவி மீண்டும் மீண்டும் படிக்க முயல்வதாலேயே வேகம் குன்றுகிறது. அப்பொழுது மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தலாகாது. பின்னர் வேகத்தைத் தாமே குறைத்துப் படிக்க வைப்பதும், வேறொரு கருவியில் முயல்வதும், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துப் பழுதான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பும் மென்பொருளைப் பயன்படுத்துவதும் பலன் தரும். இங்கே மந்தமே மருந்தாகிறது.

இது வெறும் வசதிக்குறையன்று; வட்டு அழியத் தொடங்கிவிட்டது என்னும் எச்சரிக்கை. ஒரேயொரு பிரதியை நம்புவதன் விலையை யாழ்ப்பாணம் நன்கறியும். 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாதவை என்றென்றைக்குமாகப் போயின. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்பிரதிகளாக்கி வருவதும் அவ்விழப்பை நினைவிற் கொண்டால் நன்கு விளங்கும்.

ஆகவே வட்டு மெதுவாகச் சுழலும்போது சலிப்படையாது, அன்றைக்கே பிரதி செய்து ஈரிடத்தில் வைப்பதே அறிவுடைமை. ஓலை ஒடியுமுன் பெயர்த்தெழுதிய முன்னோர் நடந்த வழியும் அதுவே.